அடுத்து எதை மாற்றுவது? சுங்கை சிப்புட் வீடொன்றின் பாட்டுப்பெட்டியும் ஒரு செக்ரோல் நோட்டும்

தீபாவளி முடிந்த வாரம் ஷா ஆலாமிலிருந்து என் மச்சான் போன் செய்தார். "அப்பாவுக்கு 70 முடிஞ்சிருச்சு. நாங்க மூணு பேரும் சேர்ந்து 3,000 வெள்ளி போட்டிருக்கோம். அந்தப் பழைய ஆம்ப்பைத் தூக்கிட்டு 100 வாட்ல நல்லதா ஒண்ணு வாங்கி வச்சிடுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

செம்பனை ஆலையில் சார்ஜ்மேன் வேலை பார்க்கிறேன். மின்சாரமும் மோட்டாரும் எனக்குப் பழக்கம். பாட்டுப்பெட்டி என்பது சின்ன வயதிலிருந்து பிடித்த விஷயம், அவ்வளவுதான். ஆனால் கெட்டுப்போகாத ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டி, கோளாறு அப்படியே நிற்பதை ஆலையில் நிறைய முறை பார்த்திருக்கிறேன். அதனால் மச்சானிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு மாதம் ஐந்து மாதமாக நீண்டது. அதில் என்ன செய்தோம், எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்பதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு.

வீடும் பெட்டியும்

மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 32 வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் எண்ணும் கூட்டத்துக்கு) யார் வந்தார்கள், யார் வரவில்லை, எவ்வளவு ரப்பர் பால் எடை என்று செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதியே வாழ்ந்த கை. கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை வைத்த பிறகும் அதே வேலை. ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டை விட்டு டவுன் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறினார். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்றால் பலருக்குத் தெரியும்; ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது.

பெட்டியை 1986இல் போனஸ் பணத்தில் ஈப்போவில் வாங்கினார். ஜப்பான் ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி), பக்கத்துக்கு 40 வாட். ரிக்கார்டு பிளேயர், நிமிடத்துக்கு 33, 45 சுற்று என இரண்டு வேகம். எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வைத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். பின்னால் ஒரு சிடி பிளேயர் சேர்ந்தது. 2019இல் காட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் பாகத்தை) மாற்றி, ஆடியோ-டெக்னிக்காவின் விஎம்95இ போட்டார். இசைத்தட்டுகளில் பெரிய எல்பி 180 வரை, சின்ன இபி 60 சொச்சம். பாதிக்கு மேல் 60களின் சினிமாப் பாட்டு, டிஎம்எஸ், சுசீலா, சீர்காழி. அப்புறம் இளையராஜா. கொஞ்சம் நாகஸ்வரம்.

கூடம் 14 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. சிமெண்டுச் சுவர், தரையில் ஓடு, கண்ணாடி லூவர் ஜன்னல், மேலே ஸிங்க் கூரை. ஒரு சுவர் முழுக்க ஷோகேஸ். அதன் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில், இரண்டு ஸ்பீக்கர்களும் மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பக்கத்துச் சுவரில் சாமி மேடை.

"பாட்டு அமுங்கிக் கேக்குது மாப்பிள்ளே. சத்தத்தைக் கூட்டினா கொரகொரங்குது. ஆம்ப்பு பலவீனமாயிருச்சுன்னு நினைக்கிறேன்" என்றார் மாமா.

முதலில் நோட்டு

எதையும் தொடும் முன் ஒரே ஒரு வேலை கேட்டேன். பாட்டுக் கேட்கும்போது எது உறுத்துகிறதோ அதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். என்ன தட்டு, எந்தப் பக்கம், எந்தப் பெட்டியில், என்ன மாதிரி. சொன்னதும் மாமா உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். மாலைக்குள் செக்ரோல் போலவே கோடு போட்டுக் கட்டம் கட்டிவிட்டார். தேதி, தட்டு, குறை, வானிலை. வானிலை என்ற கட்டத்தை நான் சொல்லவில்லை. தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அதைக் குறிக்காத செக்ரோல் கிடையாது. அந்தப் பழக்கத்தில் போட்டார். கடைசியில் எங்களுக்கு அதிகம் சொன்னது அந்தக் கட்டம்தான்.

இரண்டு வாரத்தில் 29 குறிப்பு. வலது பெட்டி கொரகொரப்பு 9. பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடம் சீறுவது 8. தாளமும் பேஸும் ஒரே ஊதலாக வருவது 5. விசிறிச் சத்தம், மழைச் சத்தம் 4. சத்தம் பத்தவில்லை 3. அந்த மூன்று நாளும் வானிலைக் கட்டத்தில் 'மழை' என்று இருந்தது.

ஆம்ப் பலவீனம் என்று அவர் நினைத்ததற்கு ஆதாரம் அந்த மூன்று வரிகள்தான். ஸிங்க் கூரையில் பேராக்கு மழை அடிக்கும்போது எந்த ஆம்ப்பும் பத்தாது.

40 வாட்டா, 100 வாட்டா

கணக்கைப் பார்ப்போம். 40இலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 4 டெசிபெல். கேட்டால் தெரியும், ஆனால் கொஞ்சம்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்குச் சக்தி பத்து மடங்காக, 400 வாட்டாக வேண்டும். வாட் எண்ணிக்கை பெட்டியின் முகப்பில் பெரிதாகத் தெரிவதால் நாம் அதைக் காசாக எண்ணிவிடுகிறோம்.

மாமா உண்மையில் எவ்வளவு வாட் செலவழிக்கிறார் என்று மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்துப் பார்த்தேன். வழக்கமான சத்தத்தில் முள் 1 வோல்ட்டைச் சுற்றி ஆடியது, சத்தமாக வைத்தால் 1.5. எட்டு ஓம் ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் என்றால் 0.28 வாட். தவிலடி மாதிரி திடீர் உச்சங்கள் சராசரியைவிட 15 டெசிபெல் மேலே போகும் என்று வைத்துக்கொண்டாலும் 9 வாட். மல்டிமீட்டர் 50 ஹெர்ட்ஸ் கறண்டுக்குச் செய்த கருவி, பாட்டை நுட்பமாக அளக்காது. ஆனாலும் 9க்கும் 40க்கும் இடையே இருக்கும் இடைவெளி, அந்தப் பிழையை எல்லாம் விழுங்கும் அளவு பெரியது.

கணக்கு மட்டும் போதாது, காதும் ஒப்ப வேண்டும். ஈப்போ நண்பர் ஒருவரிடமிருந்து 80 வாட் புது ஆம்ப் இரவல் வாங்கி வந்தேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இரண்டு ஆம்ப்பில் ஒன்று அரை டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அது 'தெளிவாக' இருப்பதாகக் காது சொல்லும். அதனால் 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, இரண்டு ஆம்ப்பிலும் ஸ்பீக்கர் முனையில் சரியாக 1.00 வோல்ட் வரும்படி வைத்தேன். முன்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம். என் மனைவி பின்னால் நின்று காசைச் சுண்டிப் பார்த்து வயரை மாற்றினாள். சிடியில் ஒரே பாட்டு. மாமா பத்து முறை சொன்னார், ஆறு சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாகும். நானும் உட்கார்ந்தேன். எனக்கு ஐந்து.

சிடியில் ஏன் வைத்தோம் என்றால், அந்தப் புது ஆம்ப்பில் ரிக்கார்டு பிளேயரை நேராக மாட்டவே வழியில்லை. ஃபோனோ உள்ளீடு, அதாவது ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியை வாங்கிப் பெருக்கும் வழி, கிடையாது. மோனோ பட்டனும் கிடையாது. மாமாவின் பழைய ஆம்ப்பில் இரண்டும் இருக்கின்றன. இது சின்ன விஷயம் இல்லை, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தில் இடது ஒலி ஒரு சுவரிலும் வலது ஒலி மறு சுவரிலும் வெட்டப்பட்டிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊசியை மேலும் கீழும் ஆட்டும். மோனோ தட்டில் பாட்டு முழுவதும் பக்கவாட்டில் மட்டும்தான். மேலும் கீழும் ஆட்டுவது எதுவாக இருந்தாலும் அது தூசி, கீறல், தேய்மானம். மோனோ பட்டனை அழுத்தினால் இடதும் வலதும் கூடி, மேல் கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். பாட்டு அப்படியே நிற்கும், சரசரப்பில் ஒரு பங்கு காணாமல் போகும். 60களின் இபிகளில் பெரும்பாலானவை மோனோ. ஒரு டிஎம்எஸ் பாட்டைப் போட்டுப் பட்டனை அழுத்திக் காட்டினேன். குரல் நடுவில் வந்து நின்றது. "இந்த பட்டன் எதுக்குன்னே தெரியாம இத்தனை வருசம் இருந்திருக்கேனே" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தான் நல்லா கேக்குது" என்றார்.

ஆம்ப்பை மாற்றினால் இவர் வீட்டுத் தட்டுகளுக்கு நஷ்டம். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. ஸ்பீக்கர் முனையில் நேர்மின் கசிவு பார்த்தேன். 12, 18 மில்லிவோல்ட், பயமில்லை. வால்யூம் திருகலின் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். ஆம்ப்புக்கு ஆன மொத்தச் செலவு அதுதான்.

வலது பெட்டி

கொரகொரப்பு எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருக வேண்டும். கோளாறு மறுபக்கப் பெட்டிக்குத் தாவினால் குற்றம் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ. அதே பெட்டியில் நின்றால் பெட்டி. நின்றது.

முகப்புத் துணியைக் கழற்றினேன். வூஃபரின் கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் ஃபோம் விளிம்பு, விரல் பட்டதும் ஊறிப்போன ரொட்டி மாதிரி உதிர்ந்தது. வலதில் கால்வாசி விளிம்பே இல்லை. இடதில் மூன்று இடத்தில் வெடிப்பு. நம் ஊரில் இது எல்லோர் வீட்டிலும் நடப்பது. பாலியூரித்தேன் ஃபோமை வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து மெல்ல அறுத்துவிடும். விளிம்பு போனால் கூம்பு நடுவில் நிற்காது, காந்த இடுக்கில் சுருள் உரசும். அந்த உரசல்தான் கொரகொரப்பு. இந்த நிலையில் 100 வாட் ஆம்ப் வாங்கி மாட்டியிருந்தால், சத்தத்தைக் கூட்டிய முதல் வாரத்திலேயே சுருள் எரிந்திருக்கலாம். பிள்ளைகள் அன்பாகக் கொடுத்த பணம், அப்பாவின் ஸ்பீக்கரைக் கொன்றிருக்கும்.

பெட்டியை ஈப்போவுக்கு எடுத்துப் போனோம். ஸ்பீக்கர் பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவர் கடை. அங்கே மாமா பிடிவாதம் பிடித்தார். "ரப்பர் விளிம்பு போடுங்க. வாழ்நாள் பூரா ரப்பர் கணக்கு எழுதினவன் நான். ரப்பர் உதிராது." அவர் சொன்னதில் பாதி உண்மை. ரப்பர் விளிம்பு ஃபோமைவிடப் பல வருடம் தாங்கும். ஆனால் ரப்பர் கனம், விறைப்பும் வேறு. ஃபோமுக்காகக் கணக்குப் போட்டுச் செய்த கூம்பில் ரப்பரை ஒட்டினால், கூம்பு இயல்பாக அதிரும் இடம் நகர்ந்துவிடும், பெட்டியின் அளவோடு பொருந்தாது. பெரியவர் மலாயில் பொறுமையாக இதையே சொன்னார். இன்னொன்றும் சொன்னார், ஸ்பீக்கருக்கு வரும் ரப்பர் பெரும்பாலும் செயற்கை ரப்பர், உங்கள் மரத்துப் பால் இல்லை என்று. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஃபோம் எத்தனை வருசம் வரும்?" என்று கேட்டார். பத்து, பன்னிரண்டு என்றார் பெரியவர். "சரி, எனக்கு அது கணக்காத்தான் இருக்கும். ஃபோமே போடுங்க."

காரில் திரும்பும்போது அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. இரண்டு பெட்டிக்கும் 240 வெள்ளி. ஒரு வாரத்தில் தந்தார்.

ஊசி

சீறல் தட்டில் மட்டும்தான் வந்தது, சிடியில் வரவில்லை. தட்டிலும் உள்வட்டத்துக்கு வர வர அதிகம். அப்படியென்றால் ஊசி.

மாமா வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் தட்டு கேட்கிறார். ஐந்தரை வருடத்துக்கு 1,400 மணி நேரத்தைத் தாண்டும். விஎம்95இ ஊசிக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். தேய்ந்த ஊசி சத்தத்தைக் கெடுப்பதோடு நிற்காது, தட்டையும் உழுதுவிடும். அது மட்டுமில்லை, தராசு வைத்துப் பார்த்தால் ஊசியின் பாரம் 1.4 கிராம்தான் இருந்தது. தட்டு தேயக் கூடாது என்று மாமாவே குறைத்து வைத்திருக்கிறார். நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். இந்த ஊசிக்கு 2 கிராம் வேண்டும், 1.8க்குக் கீழே போகக் கூடாது. பாரம் குறைந்தால் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எகிறி எகிறி விழும், அந்த மோதல்தான் தட்டை அதிகம் சேதப்படுத்துகிறது. இதை அவரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தனை அக்கறையில் செய்த காரியம்.

விஎம்95 வரிசையில் ஒரு வசதி, உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் கையால் உருவி வேறு ரகம் செருகலாம். அதே நீள்வட்ட ஊசி எங்களுக்குக் கிடைத்த விலை 150 வெள்ளி, இன்னும் மெல்லிய முனை கொண்ட மைக்ரோலீனியர் ஊசி 650. விலையை மட்டும் பார்த்தால் தலை சுற்றும். ஆயுளையும் பார்த்தால், ஒன்று 300 மணி நேரம், மற்றது 1,000. மணிக்கு 50 சென், 65 சென். பெரிய தூரமில்லை. அதோடு மைக்ரோலீனியரின் மெல்லிய விளிம்பு பள்ளத்தின் சுவரில் நீளவாட்டில் படிகிறது. பழைய ஊசி உழாமல் விட்ட இடங்களையும் தொடுகிறது. உள்வட்டத்தில், பள்ளத்தின் நெளிவுகள் நெருக்கமாகும் இடத்தில், அந்த மெல்லிய விளிம்பு நன்றாகப் பின்தொடரும். வாங்கினோம். இந்த 3,000 வெள்ளியில் 'மேம்பாடு' என்று முழு மனதோடு நான் சொல்லக்கூடிய முதல் செலவு இதுதான். மற்றவை பழுது.

இந்தத் துறையில் ஒரு பழைய வழக்கு உண்டு. ரிக்கார்டு பிளேயர் செய்யும் லிண் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்பிரன், 1970களிலிருந்து, தொடக்கத்தில் தொலைந்ததைப் பின்னால் எதுவும் மீட்காது, அதனால் பணத்தை முதலில் ரிக்கார்டு பிளேயரில் போடு என்றார். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கரும் அறையும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன என்று சோதனைகளால் காட்டினார். என் பார்வையில், 1982இல் சிடி வந்த பிறகு டூல் பக்கம்தான் நியாயம் கனக்கிறது. ஆனால் தட்டு கேட்பவர் வீட்டில், ஊசி என்ற ஒரு இடத்தில் மட்டும், டீஃபன்பிரனின் பேச்சு இன்றும் எழுத்துக்கு எழுத்து உண்மை. தேய்ந்த ஊசி தொலைத்ததை எந்த ஸ்பீக்கரும் கொண்டுவரவில்லை.

ஷோகேஸை விட்டு இறக்குவது

ஊதல் பேஸுக்குக் காரணம் அறை. 14 அடி நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ் பக்கமும், 11 அடி அகலத்துக்கு 52 பக்கமும், 10 அடி உயரத்துக்கு 57 பக்கமும் காற்று தானாகவே ஊஞ்சலாடும். ஸ்பீக்கரை மூலையில், அதுவும் கூரையை ஒட்டி வைத்தால் மூன்று ஊஞ்சலையும் ஒன்றாகத் தள்ளுகிறோம். மாமாவின் சோபாவோ எதிர்ச் சுவரை ஒட்டி இருந்தது. ஊதல் கூடுதலாகக் கேட்கும் இடம் அது. போனில் 30 முதல் 100 வரை ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். 41ஐத் தொட்டதும் லூவர் கண்ணாடி அதிர்ந்தது.

இறக்க வேண்டும் என்றால் அத்தை சம்மதிக்க வேண்டும். கூடத்தில் விளக்கேற்ற, விழுந்து கும்பிட இடம் வேண்டும் என்பது அவர் நியாயம். சாமி மேடைக்கு முன்னால் இடம் விட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்பீக்கருக்கு இரண்டு இடம் குறித்தோம். டவுனில் தச்சு வேலை செய்பவர் கித்தா மரப் பலகையில் இரண்டு நிலை செய்து தந்தார், 200 வெள்ளி. பால் வற்றிய மரங்களை 25 வருடத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள், வெட்டினால் பலகை. அந்த மரங்களின் பாலைத்தான் மாமா எடை போட்டு எழுதினார். விளிம்பில் வராத ரப்பர் கடைசியில் காலடியில் வந்தது. நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எத்தனை வருட மரம் என்று தச்சரிடம் கேட்டார்.

ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இப்போது காது மட்டத்தில். சோபாவை இரண்டடி முன்னால் இழுத்தோம். ஊதல் முழுசாகப் போகவில்லை. அந்த அளவு அறையில் போகவும் போகாது. ஆனால் இளையராஜாவின் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாக நடப்பதைப் பின்தொடர முடிந்தது. ஸ்பீக்கர் வயரைப் பற்றியும் மச்சான் கேட்டார். இருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஐந்து மீட்டர் ஓட்டம், போய் வர மொத்தத் தடை 0.07 ஓம். அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை. இடிக்குப் பயந்து 90 வெள்ளியில் ஒரு சர்ஜ் காப்பு வாங்கினேன், ஆனாலும் இடி கேட்டால் பிளக்கை உருவுவதுதான் வழி.

மறுபடியும் நோட்டு

எல்லாம் முடிந்தபோது கிளீனரோடு சேர்த்து 1,210 வெள்ளி ஆகியிருந்தது. மச்சானுக்குச் சந்தோஷம். "மிச்சத்துல புது ஸ்பீக்கர் பாத்துடலாமா?" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. நவம்பரில் என்னைக் கேட்டிருந்தால் ஸ்பீக்கர் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நோட்டு வேண்டும் என்று ஆரம்பித்தவன் நான். இன்னும் எட்டு வாரம் எழுதச் சொன்னேன்.

43 குறிப்பு. கொரகொரப்பு ஒன்றுமில்லை. சீறல் ஒன்றுமில்லை. ஊதல் 4. தட்டில் தூசி, டிக் டிக் சத்தம் 13. விசிறி 14, மழை 5, ரோட்டு லாரி 2. மற்றவை 5.

விசிறி 14 என்பதைப் பார்த்து நாங்கள் இருவரும் கொஞ்சம் திகைத்தோம். முதல் இரண்டு வாரத்தில் மழையோடு சேர்த்தே நான்குதான் இருந்தது. கொரகொரப்பு போனதும் அதற்கு அடியில் இருந்த சத்தம் மேலே வந்திருக்கிறது. போன் அளவியில் பார்த்தேன்: விசிறி நின்றால் 36 டெசிபெல், மூன்றில் ஓடினால் 51. போன் கருவியின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஆனால் வித்தியாசத்தை நம்பலாம். நாகஸ்வர ஆலாபனை தணிந்து தணிந்து போகும் இடம் அந்த 51க்குள் மூழ்கிவிடுகிறது. நம் ஊர் வெக்கையில் விசிறியை நிறுத்திவிட்டுக் கேள் என்று 70 வயதுக்காரரிடம் சொல்ல முடியுமா?

டிசி மோட்டார் விசிறி ஒன்று 380 வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன். அதே அளவு காற்றுக்கு 43 டெசிபெல். எட்டுக் குறைவு. தணிந்த இடங்களைப் பொறுத்தவரை இதே பலனை ஆம்ப்பால் கொண்டுவர 40 வாட்டை 250 வாட்டாக்க வேண்டும், அப்போது உரத்த இடங்கள் காதைக் கிழிக்கும். பாட்டுப்பெட்டியின் அடுத்த பாகம் என்று கேட்டால் யாரும் மேலே பார்க்க மாட்டார்கள். இந்த வீட்டில் அது மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

டிக் டிக்குக்கு 150 வெள்ளி. காய்ச்சி வடித்த நீர், கார்பன் நார் பிரஷ், மெல்லிய துணி, புது உள்ளுறைகள். பழைய காகித உறைகளில் பூஞ்சை படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மகளும் போய்ப் பத்துப் பத்துத் தட்டாகக் கழுவித் துடைத்தோம். இன்னும் பாதி பாக்கி.

மிச்சம் 1,260

சென்ற மாதம் போனபோது நோட்டில் புதுக் கட்டம் ஒன்று இருந்தது. எந்தக் குறையும் எழுதாமல், '78 தட்டு 9. சுற்றவில்லை' என்று மட்டும்.

தட்டுகளைக் கழுவ அலமாரியைக் காலி செய்தபோது அடியில் பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றி இருந்தவை. மாமாவின் அப்பாவுடையது. தோட்டத்து லயத்தில் சாவி கொடுக்கிற கிராமபோனில் அவர் போடுவாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் படிக்கட்டில் வந்து உட்காருவார்களாம். இரண்டில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம். மாமா அவற்றைக் கேட்டு 50 வருடத்துக்கு மேல் ஆகிறது.

அவருடைய பிளேயர் 78 வேகத்தில் சுற்றாது. அந்தத் தட்டின் பள்ளமும் மூன்று மடங்கு அகலம், இப்போதைய ஊசி அடியில் போய் உரசும். ஆனால் நம்மிடம் இருக்கும் அதே விஎம்95 உடலில், 78 தட்டுக்கென்றே செய்த எஸ்பி ஊசியைச் செருகலாம், பாரம் 5 கிராம். அந்தக் காலத்துத் தட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு விதமாக வெட்டப்பட்டவை, இன்றைய ஃபோனோ கணக்குக்குச் சரியாக ஒத்துவராது. பழைய ஆம்ப்பின் பேஸ், ட்ரெபிள் திருகல்களும் மோனோ பட்டனும் அங்கே கைகொடுக்கும்.

மச்சானுக்குப் போன் செய்து, ஸ்பீக்கர் வேண்டாம், 78 சுற்றும் பிளேயர் பார்க்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தாத்தா தட்டா?" என்றார். ஈப்போவில் பழைய பிளேயர் ஒன்று இருப்பதாக அந்தச் சீனப் பெரியவர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மாமாவும் நானும் போகிறோம். ஒன்பது தட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எது என்று மாமா இன்னும் முடிவு செய்யவில்லை.